கேட்பவளின் தம்பி

வல்லக்கோட்டை,
9.6.2024

அன்புத் தம்பி சுபாஷுக்கு,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. சௌக்கியம் இல்லாமல்தானே உன்னை அந்தக் குடி மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருக்கிறோம். அதனால் சாப்பிட முடிகிறதா, தூக்கம் வருகிறதா, கை நடுக்கம் குறைந்ததா என்று மட்டும் கேட்கிறேன். இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். வேனில் ஏற்றும்போது மாமாவின் தோளில் நீ கடித்த இடம் ஆறிவிட்டது. "நாய் கடிச்சா ஊசி போடுவீங்க, மச்சான் கடிச்சா இன்னா போடுவீங்க?" என்று கேட்டு ஆஸ்பத்திரி நர்ஸைச் சிரிக்க வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான்கு மாதத்துக்கு உனக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும் எழுதலாம் என்று அங்கே சொன்னார்கள். பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்களாம். படிக்கட்டும். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டது நான்தான். மாமாவைத் திட்டாதே.

கம்பெனியில் எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, வருகிற பெண்களிடமெல்லாம் "உனக்கு எது நல்லதுன்னு உனக்குத்தாம்மா தெரியும்" என்று சொல்கிறவள் நான். கவுன்சிலர் என்று அதற்குத்தான் சம்பளம். அப்படிப்பட்டவள் சொந்தத் தம்பியை நான்கு ஆள் வைத்துத் தூக்கி அனுப்பிவிட்டாளே என்று நீ நினைப்பாய். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வழி தெரியவில்லை, சுபாஷ்.

நீ மிகவும் கோபமாக, யாருமே இல்லாதது போல உணர்கிறாய் என்று எனக்குப் படுகிறது. அதை அப்படியே எழுது. எதை எழுதினாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தண்ணீர் நிறையக் குடி.

உன் அக்கா
கலைமணி


திருப்பத்தூர் அருகே,
21.6.2024

அக்காவுக்கு,

வணக்கம். உயிரோடு இருக்கிறேன். கை நடுக்கம் குறைந்திருப்பதால்தான் இந்தக் கோழிக் கிறுக்கலாவது உனக்குக் கிடைக்கிறது.

"கோபமாக உணர்கிறாய் என்று எனக்குப் படுகிறது" என்று எழுதியிருக்கிறாய். படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. கோபம்தான். இதைக் கண்டுபிடிக்கவா ஒரு வருஷம் சனி ஞாயிறெல்லாம் மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய்ப் படித்தாய்?

இங்கே விடிவதற்குள் விசில் ஊதி எழுப்புகிறார்கள். கோதுமை உப்புமா போடுகிறார்கள். அப்புறம் வட்டமாக உட்கார வைத்து, "நான் குடிகாரன், என்னால் என் குடும்பம் கெட்டது" என்று ஒவ்வொருவனாக எழுந்து சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் கொம்பையா என்று கோவில்பட்டிப் பக்கத்து லாரி டிரைவர். அவர் குறட்டைக்கு லாரியே பரவாயில்லை.

நான் செய்தது தப்பு. அதை நான் மறுக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஏற்றிய பெண்கள் நான் ஓட்டிவந்த பஸ் நிறைய உட்கார்ந்திருக்க, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி மெஷினை நீட்டி ஊதச் சொன்னான். ஊதினேன். அது கத்தியது. எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கி உள்ளே நடந்தார்கள். என் பெண்டாட்டியும் அதே பஸ்ஸில்தான் ஷிப்டுக்கு வந்தாள். சசி மட்டும் திட்டவில்லை. பையை மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே என் பிள்ளை பூஜாவைக் கூட்டிக்கொண்டு தனியாக வீடு எடுத்துப் போய்விட்டாள்.

ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. இந்த நான்கு மாதத்தை ஒழுங்காக முடித்தால் சசி திரும்பி வருவாளா? வருவாள் என்றால் இந்த உப்புமாவைத் தின்றுகொண்டு கிடக்கிறேன். மாட்டாள் என்றால் நான் எதற்காக இங்கே இருக்க வேண்டும்? நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்துவிடு.

மாமாவின் தோளைக் கேட்டதாகச் சொல்.

சுபாஷ்


வல்லக்கோட்டை,
30.6.2024

அன்புள்ள சுபாஷுக்கு,

உன் கோழிக் கிறுக்கல் வந்து சேர்ந்தது. மாமா உரக்கப் படித்தார், லாரி குறட்டை வந்த இடத்தில் நிறுத்திச் சிரித்தார். இருவரும் நலம். நீ தின்கிறாய் என்று தெரிந்ததில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

முதலில் உன் கேள்விக்குப் பதில். வருவாள். ஒரகடத்தில் அவள் எடுத்திருக்கும் வீட்டுக்குப் போன ஞாயிறு போயிருந்தேன். பூஜாவுக்குத் தலை பின்னிக்கொண்டே, "மொதல்ல அவரு ஒழுங்கா வரட்டும் அண்ணி, அப்பறம் பாக்கலாம்" என்றாள். வேறு என்ன வேண்டும்? நீ முடித்துவிட்டு வா. சசி வருவாள். அக்கா சொல்கிறேன்.

அடுத்தது, ஒரு வருஷம் போய் என்ன படித்தேன் என்று கிண்டல் செய்திருக்கிறாய். சொல்கிறேன், நீயும் உன் கொம்பையாவும் சேர்ந்து சிரியுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும், இப்படி ஆனால்தான் ஏற்றுக்கொள்வேன் என்று பேரம் பேசக் கூடாது. அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அவர் கஷ்டத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம், நாம் நடிக்கக் கூடாது. மனதில் ஒன்றும் முகத்தில் ஒன்றுமாக இருக்கக் கூடாது. புத்தி சொல்வது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் கிடையாது. இப்படி ஒரு ஆள் கூட இருந்தால் போதும், மனுஷன் தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்வான். நான் படித்தது இவ்வளவுதான். பேப்பரில் சின்னதாக இருக்கிறது.

கேண்டீனுக்குப் பக்கத்தில் என் அறை. ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி. லைனை விட்டு என்னிடம் வர சூபர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். பாதிப் பேர் தூங்கத்தான் வருகிறார்கள். ஏசி, மெத்தை நாற்காலி, கேட்க வேண்டுமா. நான் எழுப்புவதில்லை. போன வாரம் ஒரு பெண் வந்ததிலிருந்து தூங்கிவிட்டு, எழுந்து, "ரொம்ப நல்லா பேசினீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அறையில் கேட்டது எதுவும் அறையைத் தாண்டாது. தாண்டினால் மறுநாள் ஒருத்தியும் வரமாட்டாள்.

சட்டைகள் இரண்டும் ஒரு போர்வையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா
கலைமணி


திருப்பத்தூர் அருகே,
14.7.2024

அன்புள்ள அக்கா,

போர்வை கிடைத்தது. நீயும் மாமாவும் நன்றாக இருக்க வேண்டும், நிஜமாகவே சொல்கிறேன். சசி வருவாள் என்று நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பசிக்கிறது. உப்புமாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவன் இந்த மையத்தின் சரித்திரத்தில் நான்தானாம்.

உன் வித்தையைக் கொம்பையாவிடம் போட்டுப் பார்த்தேன். அவர், "எம் பொஞ்சாதி போயி ரெண்டு வருசமாச்சு" என்றார். நானும் உன்னைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "உங்க பொஞ்சாதி போய் ரெண்டு வருஷம் ஆச்சு" என்றேன். "லாரில இருந்தேன், மொகத்தக்கூட பாக்கல" என்றார். "முகத்தைக்கூடப் பார்க்கலை" என்றேன். எழுந்து டம்ளரை வீசினார். "கிறுக்குப்பயலே, நான் சொன்னதையே எதுக்குலே திருப்பிச் சொல்லுத?" நல்லவேளை, எவர்சில்வர் டம்ளர்.

மறுநாள் அவரே என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "நேத்து மாதிரி சொல்லாத. சும்மா கேளு" என்றார். சும்மா கேட்டேன். ரொம்ப நேரம் பேசினார், அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அண்ணாச்சி, எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல" என்று அதையும் சொல்லிவிட்டேன். "எனக்கு மட்டும் தெரியுமாலே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உன் வேலை கஷ்டமான வேலைதான் அக்கா. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கிண்டல் செய்ததை.

சசியிடம் சொல், எனக்குப் பசிக்கிறது என்று. அது போதும், அவளுக்குப் புரியும். பூஜாவை ஒரு பேப்பரில் ஏதாவது வரைந்து கொடுக்கச் சொல்லி அனுப்பு.

தம்பி
சுபாஷ்


வல்லக்கோட்டை,
22.7.2024

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று இந்த முறை நம்பி எழுதுகிறேன். மாமாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். எனக்கு லேசாகத் தலைவலி, வேறொன்றும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆடிக் கிருத்திகை. கோயிலைச் சுற்றி இப்போதே மூங்கில் நட்டுக் கயிறு கட்டுகிறார்கள். காவடிக்கூட்டத்தில் கம்பெனி பஸ்ஸெல்லாம் இந்தப் பக்கம் வராது, பைபாஸில் இறங்கி நடக்க வேண்டும். எதிர் வீட்டில் புதிதாக பீகார் பையன்கள் ஆறு பேர் குடிவந்திருக்கிறார்கள். சப்பாத்தி போட்டால் எங்களுக்கும் இரண்டு கொடுத்துவிடுகிறார்கள். மாமா இந்தி கற்றுக்கொண்டிருக்கிறார். மூன்று வார்த்தை வந்திருக்கிறது, மூன்றும் சாப்பாடு.

கம்பெனியில் ஹெச்.ஆர். மோகன் கூப்பிட்டு, "இந்த மாசம் எத்தன கேஸ் சால்வ் ஆச்சு மேடம்?" என்று கேட்டார். ஒன்றுகூட ஆகவில்லை என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கொம்பையாவைப் பற்றி நீ எழுதியதை நிறைய நேரம் யோசித்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அவரிடமே சொன்னாயே. அது லேசில் யாருக்கும் வராது.

ஒன்று கேட்கட்டுமா? இதை விடுவது உனக்காகத்தான் என்று உனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? யாருக்காகவும் இல்லாமல், உனக்காக? பதில் உடனே வேண்டாம். யோசித்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள் சுபாஷ்.

கலைமணி


திருப்பத்தூர் அருகே,
4.8.2024

அக்காவுக்கு,

நலம். தலைவலிக்கு டாக்டரைப் பார்.

மூங்கில், பீகார் பையன்கள், மாமாவின் இந்தி எல்லாம் படித்தேன். சசி எங்கே? எனக்குப் பசிக்கிறது என்று சொல்லச் சொன்னேனே, சொன்னாயா? கேட்டு என்ன சொன்னாள்? பூஜா ஒன்றும் வரையவில்லையா? அந்தப் பிள்ளை பேப்பரைக் கண்டால் விடமாட்டாளே.

எனக்காக விடுவேனா என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் பொய் சொல்ல வேண்டாம். எனக்காக என்றால் நான் எதற்கு விட வேண்டும்? எனக்கு அது பிடித்துத்தானே இருந்தது. பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு முதல் குவார்ட்டரைத் திறக்கும்போது இருந்த நிம்மதி எனக்கு எந்தக் கோயிலிலும் கிடைத்ததில்லை. சசிக்காகத்தான் விடுகிறேன். பூஜாவுக்காக. அவர்களை எடுத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பார்க்கவும் பயம்.

கொம்பையா அடுத்த வாரம் வெளியே போகிறார். வாலாஜாபேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. அவர் போனால் இங்கே பேச ஆள் இல்லை. சீக்கிரம் பதில் போடு. சசியை ஒரு வரி எழுதச் சொல். திட்டி எழுதினாலும் சரி.

சுபாஷ்


வல்லக்கோட்டை,
1.9.2024

அன்புள்ள சுபாஷ்,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்பு சரியில்லை. இப்போது தேவலை. மாமா நலம்.

நீ தனியாக இருப்பதும், சசியிடமிருந்து ஒன்றும் வராததும் உனக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று புரிந்துகொள்ள முடிகிறது. சசியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவள் மனதில் இருப்பதை அவள்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நான் சொல்வது முறையாக இருக்காது. பூஜா நன்றாக இருக்கிறாள்.

இன்னும் ஒரு மாதம்தான். அதை மட்டும் நினைத்துக்கொள்.

கலைமணி


திருப்பத்தூர் அருகே,
8.9.2024

அக்கா,

நலம் விசாரிக்கவெல்லாம் இப்போது மனமில்லை.

ஒரு மாதம் காத்திருந்து வந்த கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. "வேதனையாக இருக்கும் என்று புரிந்துகொள்ள முடிகிறது." இதை உன் ஏசி அறையில் தூங்க வருகிற பெண்களிடம் வைத்துக்கொள். வருவாள், அக்கா சொல்கிறேன் என்று எழுதியவள் நீதானே? அந்த ஒரு பேச்சை நம்பி இரண்டு மாதமாக இங்கே கிடக்கிறேன். இப்போது அவள்தான் சொல்ல வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? நான் குடிகாரன்தான், முட்டாள் இல்லை.

சின்ன வயதில் நான் ஏரியில் இறங்கினால் நீ வேப்பங்குச்சியை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே ஓடி வருவாய். கேட்பது, தலையாட்டுவது, புரிந்துகொள்வது எல்லாம் அப்போது உனக்குத் தெரியாது. அடிப்பாய். அடித்துவிட்டு நீயே அழுவாய். எனக்கு அந்த ஆள் வேண்டும். கவுன்சிலர் எனக்கு வேண்டாம். இங்கேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

என்ன நடந்தது என்று எழுது. எழுத முடியாவிட்டால் இனி கடிதமே போடாதே.

சுபாஷ்


வல்லக்கோட்டை,
12.9.2024

டேய் சுபாஷ்,

அக்கா வேண்டும் என்றாய். வாங்கிக்கொள்.

சசி வரமாட்டாள்.

ஜூலை பாதியில் ஒரு நாள் என் அறைக்கு வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, போன் செய்யவில்லை. எல்லோரையும் போல சூபர்வைசரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "என்ன சசி, அண்ணியைப் பார்க்க டோக்கனா?" என்று கேட்டேன். "அண்ணிய பாக்க வர்ல. மேடத்த பாக்க வந்தேன். இங்க சொன்னா வெளிய போவாதுன்னு எல்லாம் சொல்லிகினுகீறாங்க" என்றாள். அப்போதே அவளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். சொந்தக்காரர்களை அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். உட்கார் என்றேன். உன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்வாள் என்ற ஆசைதான், வேறென்ன.

"குடிய வுட்டாலும் நான் அந்தாளோட வாழப் போறதில்ல அண்ணி. வுடலன்னாலும் போறதில்ல" என்றாள். "அன்னிக்கு பஸ்ல எல்லாரும் அவர திட்டிகினே எறங்கனாங்க. எனக்கு கோவமே வர்ல. யாரோ டிரைவர் மாட்டிகினாரு, அப்டிதான் இருந்துச்சு. அதான் எனக்கு பயமாயிடுச்சு." அழவில்லை. பிறகு, "இத அவராண்ட சொல்லாதீங்க. சொன்னா ஓடியாந்துடுவாரு. நாலு மாசம் முடியட்டும். அவரு பொழைக்கணும்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையாட்டிவிட்டேன். ஆகஸ்டில் வேலையை விட்டுவிட்டு பூஜாவைக் கூட்டிக்கொண்டு திருத்தணிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள்.

உன்னிடம் சொன்னால் நீ ஓடி வருவாய், குடிப்பாய், சாவாய். சொல்லாவிட்டால், வராத ஒருத்தியைக் காட்டி உன்னை அங்கே கட்டிப் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூங்கிலையும் சப்பாத்தியையும் எழுதினேன். நடிக்கக் கூடாது என்று உனக்கே பாடம் எடுத்தவள் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன்னைத் திட்டாமல் விடுவேன் என்று நினைக்காதே. அந்தப் பெண் ஷிப்ட் முடித்து வந்து, நீ வாந்தி எடுத்ததைக் கழுவி, பிள்ளையைக் கிளப்பி, மறுபடி ஷிப்டுக்குப் போனாள். நீ அவள் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸையே குடித்துவிட்டு ஓட்டினாய். கவிழ்ந்திருந்தால்? அறிவு வேண்டாம் உனக்கு? உன்னைப் பெற்றவர்கள் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். இப்போது நான் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறேன்.

அந்த அறையில் கேட்டதை வெளியே சொல்லிவிட்டேன். இனி என்னிடம் வருகிறவள் எதை நம்பி வருவாள் என்று தெரியவில்லை. ஓடி வராதே சுபாஷ். காலில் விழுகிறேன், இருந்து முடித்துவிட்டு வா.

அக்கா


வல்லக்கோட்டை,
27.9.2024

அன்புத் தம்பி,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மையத்துக்குப் போன் செய்தேன். "சார் நல்லா சாப்பிடறாரு, யாரோடயும் பேசறதில்ல" என்றார்கள். சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நீதான் கேட்டாய். ஆனால் அதைப் படித்துவிட்டு உன்னை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று யோசிக்காமல் தபாலில் போட்டுவிட்டேன். கொம்பையாவும் அங்கே இல்லை.

அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிறு. நானும் மாமாவும் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறோம். பேச வேண்டாம். சும்மா வந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொள். ஒரு வரி போடு.

அக்கா
கலைமணி


வாலாஜாபேட்டை,
8.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் கொம்பையாவோடு லாரி ஷெட்டில் இருக்கிறேன். நீங்கள் வருவதற்கு முதல் நாளே மையத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பின் சீட்டில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை. ஒரு மாதம் உங்களைத் தவிக்க விட்டதற்கு மாமா இன்னொரு தோளையும் காட்டுவார் என்று தெரியும்.

உன் கடிதத்தைப் படித்த அன்று கேட் திறந்துதான் இருந்தது. காய்கறி வண்டி உள்ளே வந்திருந்தது. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. மிச்ச நாட்களை யாருக்காக இருந்தேன் என்றும் தெரியவில்லை.

போன மாதக் கடைசியில் திருத்தணிக்குப் போனேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சசி வந்தாள். என்னைப் பார்த்ததும், "குடிச்சிகீறியா?" என்றாள். "இல்ல. ஊதிக் காட்டட்டா?" என்றேன். "வாணாம். நல்லாகீறல்ல, அது போதும்" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது அக்கா, பொய் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பக்கத்து வீட்டுக்காரன் பிழைத்து வந்தால் வருமே, அந்தச் சந்தோஷம். பூஜா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு என் சட்டையை மோந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்பது போல அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு தீபாவளி வந்தது. அன்றைக்கு இங்கே நடந்ததை நான் எழுதப் போவதில்லை.

நீ சொன்னதை வைத்துச் சசி மேல் கோபம் இல்லை. உன் மேலும் இல்லை. ஆனால் என்னை வேனில் ஏற்றும்போது நீ திரும்பி நின்றுகொண்டு, "இனிமே குடிச்சிட்டு வந்தா எனக்கு தம்பியே கெடையாது" என்று சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எனக்கு இருக்கிறது. அவள் இல்லை, வேலை இல்லை, லைசென்ஸும் போய்விட்டது. இனி நான் யாருக்காக, அக்கா?

நேரில் வராதே. முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லிவிடுவேன். போன் வாங்கினால் முதலில் சசிக்குத்தான் அடிப்பேன், அதனால் வாங்கவில்லை. எழுது.

சுபாஷ்


வல்லக்கோட்டை,
12.11.2024

அன்புள்ள சுபாஷ்,

உயிரோடு இருக்கிறாய். மாமா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு மாதமாக நாங்கள் சாப்பிட்டது தூங்கியது எதையும் எழுதவில்லை, நீ தாங்கமாட்டாய்.

சசி போன் செய்தாள். "சொல்லிட்டீங்க இல்ல, மேடம்" என்றாள், வைத்துவிட்டாள். அவளுக்குச் செய்ததை நான் திருப்பி எடுக்க முடியாது. ஹெச்.ஆர். மோகனிடம் நடந்ததைச் சொன்னேன். வேறு ஆள் வரும்வரை அறை பூட்டியிருக்கிறது. தூங்க வருகிற பெண்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

யாருக்காக என்று கேட்டிருக்கிறாய். நான் படித்த படிப்பில் அதற்குப் பதில் இருக்கிறது. உனக்காக. அதை எழுதிப் பார்த்தேன். நீ சிரிப்பாய் என்று கிழித்துவிட்டேன். எனக்காக என்று எழுதிப் பார்த்தேன். அது மறுபடியும் ஒரு பேரம். அதையும் கிழித்தேன். எனக்குத் தெரியவில்லை சுபாஷ். உன் வாயிலிருந்து பாட்டிலைப் பிடுங்குகிற பலம் எனக்கு இல்லை. பிடுங்கினாலும் நிற்காது என்று இப்போது தெரிகிறது. மறுபடி நான்கு ஆளை அழைத்து வர மாட்டேன். நீ சாவாயோ என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பயமாக இருக்கிறது. அதற்கும் என்னிடம் மருந்து இல்லை.

வேனுக்குப் பக்கத்தில் நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தீபாவளியன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

கொம்பையாவுக்கு என் வணக்கத்தைச் சொல். வாலாஜாவிலிருந்து காஞ்சிபுரம் வந்தால் ஒரகடத்துக்கு பஸ் இருக்கிறது. எந்த நேரமானாலும் சரி.

வா. குடித்திருந்தாலும் வா.

உன் அக்கா
கலைமணி